யூ.இ.எஃப்.ஐ. நிரலில் கோப்பைத் திறப்பது: பாதை பாதி முகவரிதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயங்குதளம் எழுவதற்கு முன்பே ஃபர்ம்வேரின் (கணினியின் சில்லிலேயே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளின்) மடியில் ஓடும் யூ.இ.எஃப்.ஐ. நிரல்களைப் பற்றித் தமிழில் வரும் விளக்கங்கள் பெரும்பாலும் திரையில் ஒரு வணக்கம் அச்சிடுவதோடு நின்றுவிடுகின்றன. அதையும் தாண்டிக் கோப்பைத் திறக்கச் சொல்லித்தருபவை, ‘பாதையைக் கொடுங்கள், கோப்பு திறக்கும்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. படிப்பவர் முயன்று பார்ப்பார். பிழை எண் 14 வரும்: கோப்பு இல்லை. கோப்போ வட்டில் கண்ணெதிரே கிடக்கும். அந்த ஒரு வரிக்குள் விழுங்கப்பட்டவற்றை எழுதினால் கணினிப் பக்கத்தின் வாசகர்களுக்குப் பயன்படும் என்று கருதுகிறேன். ஃபங்ஷன் பெயர்களையும் பாதைகளையும் ஒலிபெயர்த்தே எழுதுகிறேன். நிரலில் அவை ஆங்கில எழுத்தில்தான் வரும்.

சி மொழியில் பழகியவருக்குக் கோப்பைத் திறக்கும் எஃப்ஓபன் கைப்பழக்கம். அங்கே பாதையை வாங்கிக்கொண்டு எந்த வட்டு, எந்தப் பார்ட்டிஷன், எந்தக் கோப்புறை என்று தேடித் தருவது இயங்குதளம். ஃபர்ம்வேரில் அந்த வேலைக்கு ஆள் இல்லை. நிரலுக்கென்று நடப்புக் கோப்புறை கிடையாது, டிரைவ் எழுத்து கிடையாது, எல்லா வட்டுகளையும் ஒரே மரத்தில் கட்டும் பொது ரூட்டும் (உச்சிக் கோப்புறையும்) கிடையாது. ஒவ்வொரு பார்ட்டிஷனும் தனி வால்யூம். ஒவ்வொன்றுக்கும் தனி ரூட். ஆகவே \இஎஃப்ஐ\பூட் என்று எழுதினால், தெருவும் கதவெண்ணும் எழுதி ஊரை விட்டுவிட்ட அஞ்சல் உறைபோலத்தான். ஊரை முதலில் நாமே கண்டுபிடிக்க வேண்டும்.

யூ.இ.எஃப்.ஐ. ஷெல்லில் (கட்டளைகளைத் தட்டும் திரையில்) ‘எஃப்எஸ்0:’ என்று தட்டிப் பழகியவர்கள் அதையே பாதையின் முன்னால் ஒட்டிப் பார்ப்பார்கள். அது ஷெல் தன் வசதிக்குச் சூட்டிக்கொள்ளும் செல்லப்பெயர். ஃபைல் புரோட்டோகாலின் ஓபன் ஃபங்ஷனுக்கு அந்தப் பெயர் தெரியாது (புரோட்டோகால் என்பது ஃபர்ம்வேர் தரும் ஃபங்ஷன்களின் தொகுப்பு). போதாததற்கு, ஒரு யு.எஸ்.பி. குச்சியைக் கூடுதலாகச் செருகினாலே நேற்றைய 0 இன்று 1 ஆகிவிடலாம்.

ஊரைக் கண்டுபிடிக்கும் வழி இது. நிரலின் தொடக்க ஃபங்ஷனுக்கு ஃபர்ம்வேர் இரண்டு பொருள்களைத் தருகிறது: இமேஜ்ஹேண்டில், சிஸ்டம்டேபிள். ஹேண்டில் என்பது ஒரு பொருளைச் சுட்டும் அடையாளச் சீட்டு; அதைக் காட்டித்தான் அதற்குரிய புரோட்டோகாலைக் கேட்க முடியும். இமேஜ்ஹேண்டிலின்மேல் ஹேண்டில்புரோட்டோகாலை அழைத்து லோடட் இமேஜ் புரோட்டோகாலை வாங்க வேண்டும். அதற்குள் டிவைஸ்ஹேண்டில் என்றொரு புலம் இருக்கிறது. நம் நிரல் எந்த வால்யூமிலிருந்து ஏற்றப்பட்டதோ அதன் ஹேண்டில் அது. அதன்மேல் மறுபடி ஹேண்டில்புரோட்டோகாலை அழைத்து சிம்பிள் ஃபைல் சிஸ்டம் புரோட்டோகாலைக் கேட்க வேண்டும். அதில் இருக்கும் ஒரே ஃபங்ஷன் ஓபன்வால்யூம். அது தருவது ரூட் கோப்புறையின் ஃபைல் ஹேண்டில். அந்த ஹேண்டில் கைக்கு வந்த பிறகுதான் பாதைக்கு வேலை. பாதையைக் கொடுக்கும் ஓபனையும் சேர்த்து மொத்தம் நான்கு அழைப்புகள். நான்கின் விடையையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். கடைசி அழைப்பை மட்டும் சோதிக்கும் நிரல், முதல் மூன்றில் எது தவறினாலும் வெற்றுப் பாயிண்டரைத் தொட்டுத் தொங்கும்.

டிவைஸ்ஹேண்டில் வெறுமையாக இருக்கவும் கூடும். வேறொரு நிரல் நம் நிரலை முதலில் நினைவகத்தில் படித்துக்கொண்டு, டிவைஸ்பாத் (சாதனத்தையும் கோப்பையும் சுட்டும் ஃபர்ம்வேர் முகவரி) எதுவும் தராமல், நிரலை ஏற்றும் லோட்இமேஜுக்கு பஃபரை (படித்து வைத்த நினைவக இடத்தை) மட்டும் கொடுத்திருந்தால், நாம் எங்கிருந்து வந்தோம் என்று ஃபர்ம்வேருக்கே தெரியாது. நெட்வொர்க் வழியாக பூட் ஆனால் ஹேண்டில் இருக்கும், ஆனால் அது நெட்வொர்க் கார்டுடையது. ஃபைல் சிஸ்டம் கேட்டால் பிழை 3, அதாவது ஆதரவில்லை. இரண்டு நிலையிலும் அடுத்த வழி லொக்கேட்ஹேண்டில்பஃபர்: ஃபைல் சிஸ்டம் உள்ள எல்லா ஹேண்டில்களின் பட்டியலையும் அது தரும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கலாம்.

அங்கேயும் இரண்டு சிக்கல். பட்டியலின் வரிசைக்கு எந்த உறுதியும் இல்லை. முதலாவதாக வருவதே நம்முடையது என்று எழுதிய நிரல் இன்னொரு கணினியில் வேறொருவரின் பார்ட்டிஷனைத் திறக்கும். \இஎஃப்ஐ\பூட்\பூட்எக்ஸ்64.இஎஃப்ஐ இருக்கிறதா என்று பார்த்து அடையாளம் காண்பதும் உதவாது. அது எல்லோருக்கும் பொதுவான இயல்புப் பாதை. ஒரே கணினியில் இரண்டு மூன்று வால்யூம்களில் இருக்கலாம். நம் நிரலுக்கே உரிய பெயரில் ஓர் அடையாளக் கோப்பை வைப்பதோ, பார்ட்டிஷனின் 16 பைட் அடையாள எண்ணை ஒப்பிடுவதோதான் நம்பத்தக்கது. இரண்டாவது சிக்கல், விரைவு பூட். நேரத்தை மிச்சப்படுத்த ஃபர்ம்வேர் தனக்குத் தேவையான வட்டுக்கு மட்டும் டிரைவரை இணைத்துவிட்டு மற்றவற்றை அப்படியே விட்டுவிடும். டிரைவர் இணையாத பார்ட்டிஷன் பட்டியலில் வராது. எல்லா ஹேண்டில்களின்மேலும் கனெக்ட்கண்ட்ரோலரை, கீழ்மட்டம்வரை இணைக்கும் விருப்பத்தோடு அழைத்துவிட்டு மறுபடி பட்டியல் கேட்டால்தான் முழுப் பட்டியல் கிடைக்கும். மெய்நிகர் கணினியில் ஓடிய நிரல் அசல் கணினியில் விழிப்பதற்கு இது ஒரு காரணம்.

முழுப் பட்டியலிலும் எதிர்பார்த்த பார்ட்டிஷன் இல்லையென்றால் அதன் ஃபைல் சிஸ்டம் ஃபேட் வடிவமா என்று பாருங்கள். ஃபர்ம்வேர் கட்டாயம் படிக்க வேண்டியவை ஃபேட்12, ஃபேட்16, ஃபேட்32 மட்டுமே. மற்ற வடிவங்களுக்குத் தனி டிரைவர் ஏற்ற வேண்டும்.

இனி ஓபன். அதற்கு ஐந்து ஆர்குமென்ட்: எந்த ஹேண்டிலிலிருந்து தேடுவது, புதிய ஹேண்டிலை எங்கே வைப்பது, பாதை, திறக்கும் முறை, பண்புகள். முதல் ஆர்குமென்டில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். பாதை பேக்ஸ்லாஷில் தொடங்கினால் அது அந்த வால்யூமின் ரூட்டிலிருந்து. இல்லையென்றால், எந்த ஹேண்டிலின்மேல் அழைத்தோமோ அந்த இடத்திலிருந்து. நிரல் இருக்கும் கோப்புறைக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ரூட் ஹேண்டிலைக் கொடுத்து ‘அமைப்பு.டிஎக்ஸ்டி’ என்று மட்டும் எழுதினால் அது ரூட்டில்தான் தேடப்படும். நிரலுக்குப் பக்கத்திலேயே அந்தக் கோப்பு இருந்தாலும் கிடைக்காது. பக்கத்தில் உள்ளதுதான் வேண்டுமென்றால் லோடட் இமேஜில் இருக்கும் ஃபைல்பாத்தை எடுத்து, உரையாக மாற்றி, கடைசி பேக்ஸ்லாஷுக்குப் பின்னால் உள்ளதை வெட்டிவிட்டு, நம் பெயரை ஒட்ட வேண்டும். அப்படி மாற்றும்போது தொடக்கத்தில் பேக்ஸ்லாஷ் இல்லாமலோ, இடையில் இரண்டிரண்டாகவோ வரக்கூடும். ஒட்டுவதற்கு முன் அதைச் சீராக்கிக்கொள்வது நல்லது. பிரிப்புக்குறி பேக்ஸ்லாஷ் ஒன்றே; முன்சாய்ந்த கோட்டை விவரக்குறிப்பு பிரிப்புக்குறியாக ஏற்கவில்லை.

பாதையை எழுதும் விதத்தில் இரண்டு பொறிகள் இருக்கின்றன. இரண்டுமே ஆளைக் குழப்பும் வகை.

முதலாவது எழுத்தின் அகலம். ஓபன் எதிர்பார்ப்பது எழுத்துக்கு 2 பைட். லினக்ஸில் ஜிசிசி கம்பைலரின் அகல எழுத்து 4 பைட். குறும் அகல எழுத்துக்கான தேர்வை (எஃப்-ஷார்ட்-டபிள்யூசார் என்பது அதன் பெயர்) கொடுக்காமல் தொகுத்தால், ஒவ்வொரு எழுத்துக்கும் பின்னால் இரண்டு சுழி பைட்டுகள் உட்கார்ந்துவிடும். ஃபர்ம்வேருக்கு அந்தச் சுழிகளே சரத்தின் முடிவு. ஆகவே எவ்வளவு நீளப் பாதை எழுதினாலும் முதல் எழுத்து மட்டுமே போய்ச் சேரும். பாதை பேக்ஸ்லாஷில் தொடங்குமானால் அந்த முதல் எழுத்து பேக்ஸ்லாஷ். பேக்ஸ்லாஷ் மட்டும் என்றால் ரூட் கோப்புறை. ஓபன் வெற்றி என்று சொல்லும்! பிறகு படித்தால் கோப்பின் உள்ளடக்கத்துக்குப் பதில் கோப்புறையின் பதிவுகள் வரும். ‘கோப்பு திறந்தது, உள்ளே குப்பை இருக்கிறது’ என்ற புகாருக்குப் பின்னால் இது இருக்கலாம். திறந்தவுடன் கெட்இன்ஃபோவில் பண்பைப் பார்த்து, 16 என்ற பிட் எழுந்திருந்தால் அது கோப்புறை என்று அங்கேயே நிறுத்திவிட வேண்டும். அகல எழுத்தின் அளவு 2 பைட்தானா என்று தொகுக்கும்போதே சோதிக்கும் ஒரு வரியை நிரலின் தலையில் வைத்துவிட்டால் இந்தப் பேச்சே எழாது.

இரண்டாவது பேக்ஸ்லாஷ். சி மொழியில் அதை இரண்டு முறை எழுத வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், மறப்பதும் எல்லோரும்தான். ஒன்று மட்டும் எழுதினால், பாதையின் முதல் சொல்லில் வரும் ‘இ’ எழுத்தோடு சேர்ந்து ஜிசிசி அதை 27 என்ற எஸ்கேப் குறியாக்கிவிடும். சிறிய எழுத்தில் பூட் என்று எழுதியிருந்தால் ‘பி’யோடு சேர்ந்து 8 என்ற பேக்ஸ்பேஸ் ஆகும். திரையில் அச்சிட்டுப் பார்த்தாலும் விடை விளங்காது, ஏனென்றால் பேக்ஸ்பேஸ் முன்னால் உள்ள எழுத்தைத் தின்றுவிடும். சந்தேகம் வந்தால் பாதையை எழுத்தாக அச்சிடாமல் எண்களாக அச்சிட்டுப் பாருங்கள். பேக்ஸ்லாஷின் எண் 92.

தமிழில் கோப்புப் பெயர் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்காக ஒரு சொல். வைக்கலாம். தமிழ் எழுத்துகளின் குறியெண்கள் 2 பைட்டுக்குள் அடங்கிவிடும், ஃபேட்டின் நீண்ட பெயர்களும் அவற்றை ஏற்கும். ஆனால் ‘கொ’வில் உள்ள ஒகரக்குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியெண்ணாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஃபர்ம்வேர் இவற்றை ஒன்றாக்கிப் பார்ப்பதில்லை. விசைப்பலகை ஒரு விதமாகவும் நிரல் இன்னொரு விதமாகவும் எழுதியிருந்தால் மறுபடி பிழை 14. தவிர, ஃபர்ம்வேரின் திரையெழுத்துருவில் தமிழை எதிர்பார்க்க முடியாது. பூட் பார்ட்டிஷனில் ஆங்கிலப் பெயர்களே பாதுகாப்பு.

திறக்கும் முறையில் படிக்க 1, எழுத 2. செல்லுபடியாகும் சேர்க்கைகள் மூன்றே: படிக்க மட்டும்; படிக்கவும் எழுதவும்; கோப்பு இல்லாதபோது அதை உருவாக்கிப் படிக்கவும் எழுதவும். எழுத மட்டும் என்று 2 கொடுத்தால் அளவுரு தவறு என்ற பிழை 2 வரும். உருவாக்கும் பிட் 64 பிட் எண்ணின் உச்சியில் இருப்பது. 32 பிட் மாறியில் வைத்தால் காணாமல் போய்விடும். உருவாக்கும் முறை இடைப்பட்ட கோப்புறைகளைத் தானாக உருவாக்காது. ஒவ்வொன்றையும் 16 என்ற பண்போடு தனித்தனியே உருவாக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள கோப்பை அதே முறையில் திறந்தால் பழைய உள்ளடக்கம் அழியாது. 500 பைட் கோப்பின்மேல் 200 பைட் எழுதினால் மீதி 300 பைட் பழையது வாலாக ஒட்டிக்கொண்டிருக்கும். செட்இன்ஃபோவில் அளவைக் குறைக்க வேண்டும், அல்லது கோப்பை நீக்கிவிட்டுப் புதிதாக உருவாக்க வேண்டும். எழுதிய பின் ஃப்ளஷ், பிறகு க்ளோஸ். ஃபேட்டில் ஜர்னல் (மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு) கிடையாது. நடுவில் மின்சாரம் போனால் சேதம் ஒரு கோப்போடு நிற்கும் என்று சொல்ல முடியாது. எழுதாமல் தீராது என்றால் மட்டுமே எழுதுங்கள்.

64 பிட் இன்டெல் வகைக் கணினிகளில் இன்னொன்று. யூ.இ.எஃப்.ஐ. பின்பற்றுவது மைக்ரோசாஃப்டின் அழைப்பு முறை: முதல் நான்கு ஆர்குமென்ட் ரெஜிஸ்டரில், ஐந்தாவது ஸ்டாக்கில். லினக்ஸின் முறையில் ரெஜிஸ்டர்களே வேறு. இஎஃப்ஐஏபிஐ என்ற குறிப்பு இல்லாமல் அறிவிக்கப்பட்ட ஃபங்ஷன் தொகுப்பில் எந்த எச்சரிக்கையும் தராது, ஓடும்போது தொங்கும்.

படிப்பதற்கு முன் கோப்பின் அளவு தெரிய வேண்டும். கெட்இன்ஃபோவை அளவு 0 கொடுத்து அழைத்தால் பிழை 5, அதாவது பஃபர் சிறியது. தேவையான அளவை அதுவே எழுதித் தரும். அந்த அளவுக்கு இடம் ஒதுக்கி மறுபடி அழைக்க வேண்டும். கோப்பின் பெயர் நீங்கலாகவே அந்தக் கட்டமைப்பு 80 பைட். 80 மட்டும் ஒதுக்கிவிட்டு ‘ஏன் தோற்கிறது’ என்று கேட்பவர்கள், பெயரும் அதன் வாலிலேயே ஒட்டி வரும் என்பதைப் பார்க்கத் தவறுகிறார்கள். உரைக் கோப்பு என்றால் உள்ளடக்கத்துக்கு மேல் 2 பைட் கூடுதலாக ஒதுக்கி முடிவுச் சுழியை நாமே வைக்க வேண்டும். ரீட் அதை வைக்காது.

ரீடுக்குக் கொடுக்கும் அளவு மாறி, போகும்போது பஃபரின் அளவு, வரும்போது உண்மையில் படித்த அளவு. சுற்றுக்குள் அழைப்பவர்கள் ஒவ்வொரு முறையும் அதைப் புதிதாக நிரப்ப மறந்தால், கடைசியில் வந்த 0 அப்படியே நின்றுவிடும். 64 பிட் கணினியில் அந்த மாறி 8 பைட். 4 பைட் மாறியின் முகவரியைக் கொடுத்தால் பக்கத்தில் உள்ள குப்பையும் அளவின் மேற்பாதியாகச் சேர்ந்துகொள்ளும். கோப்பு முடிந்துவிட்டால் ரீட் வெற்றி என்றும் அளவு 0 என்றும் சொல்லும். அது பிழை இல்லை. பெரிய கோப்புகளை ஒரே மூச்சில் படிக்கும்போது தடுமாறும் ஃபர்ம்வேர்கள் உண்டு. அதற்காகத்தான் லினக்ஸின் பூட் ஸ்டப் 1 மெகாபைட் துண்டுகளாகப் படிக்கும் வழியை வைத்தது. துண்டாகப் படித்தால் தடுமாறும் ஃபர்ம்வேர்களும் இருந்ததால், அதை நிறுத்த ஒரு தேர்வையும் சேர்க்க வேண்டியதாயிற்று! ஃபர்ம்வேர் உலகில் ‘எல்லாக் கணினிக்கும் பொருந்தும்’ என்று எழுதுகிறவரின் பேனாவைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கலாம், என்னுடையதையும் சேர்த்து.

பாதை சில நேரம் சரமாக வராமல் டிவைஸ்பாத்தாக வரும். பூட் பதிவுகளில் இருப்பது அதுதான். லொக்கேட்டிவைஸ்பாத்தை அழைத்தால் வால்யூமின் ஹேண்டிலும், பாக்கியிருக்கும் கணுக்களும் (டிவைஸ்பாத்தின் துண்டுகளும்) கிடைக்கும். பாக்கியில் வரும் ஃபைல்பாத் கணு வகை 4, உட்பிரிவு 4. ஒரே பாதை இரண்டு மூன்று கணுக்களாகப் பிரிந்தும் வரலாம். முதல் கணுவோடு நின்றுவிடக் கூடாது. கணுவின் உள்ளே இருக்கும் சரம் இரட்டைப்படை முகவரியில் தொடங்கும் என்று உறுதியில்லை. அதை நேரடியாக ஓபனுக்குக் கொடுக்காமல் ஒரு நகல் எடுத்துக் கொடுப்பது நல்லது. இடிகே2 என்ற திறந்தமூல யூ.இ.எஃப்.ஐ. கருவித்தொகுப்பை வைத்து எழுதுபவர்களுக்கு இதையெல்லாம் செய்துதரும் இஎஃப்ஐஓபன்ஃபைல்பைடிவைஸ்பாத் என்ற ஃபங்ஷன் யூஇஎஃப்ஐலிப்பில் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: தோற்றாலும் வென்றாலும் அது நாம் கொடுத்த பாயிண்டரை நகர்த்திவிடும். தொடக்க முகவரியை வேறொரு மாறியில் வைத்துக்கொள்ளாமல், நகர்ந்துபோன பாயிண்டரை, நினைவகத்தை விடுவிக்கும் ஃப்ரீபூலுக்குக் கொடுத்தால் நினைவகம் கெடும். கெட்டது வேறெங்கோ போய்த்தான் தெரியும். பூட் பதிவுகளில் உள்ள பாதை நேரே பார்ட்டிஷன் கணுவில் தொடங்கும் குறுவடிவமாக இருந்தால் லொக்கேட்டிவைஸ்பாத்துக்குப் பிடிபடாது. அப்போது எல்லா வால்யூம்களின் பார்ட்டிஷன் அடையாள எண்ணையும் ஒப்பிட்டு முழுப் பாதையை நாமே அமைக்க வேண்டும்.

பாதுகாப்புப் பற்றியும் சொல்ல வேண்டும், இதைப் பலர் தவறாக நம்புகிறார்கள். செக்யூர் பூட் (கையொப்பமிட்ட நிரல்களை மட்டும் ஓடவிடும் வசதி) இயங்கினாலும் ஓபனும் ரீடும் எந்தக் கையொப்பத்தையும் சோதிப்பதில்லை. சோதனை நடப்பது லோட்இமேஜில். அமைப்புக் கோப்பில் உள்ள வரியை நம்பி முடிவெடுக்கும் நிரல் சோதனையை வேறு வழியில் தானே செய்ய வேண்டும். அப்படிச் செய்யும்போது கோப்பை ஒரே முறை பஃபரில் படித்து, அந்த பஃபரையே சோதித்து, அதையே பயன்படுத்துங்கள். சோதித்தபின் மறுபடி வட்டிலிருந்து படித்தால் இடையில் உள்ளடக்கம் மாறியிருக்கலாம். அந்த பஃபரை லோட்இமேஜுக்குக் கொடுக்கும்போது டிவைஸ்பாத்தையும் சேர்த்துக் கொடுத்தால், மேலே சொன்ன வெற்று டிவைஸ்ஹேண்டில் சிக்கல் அந்த நிரலுக்கு வராது.

பிழை எண்களைப் பற்றி: 64 பிட்டில் உச்சி பிட்டும் எழுந்திருக்கும், அதை ஒதுக்கிவிட்டுக் கீழே உள்ள எண்ணைப் பாருங்கள். 14 கோப்பு இல்லை. 12 வட்டே இல்லை. 13 வட்டு மாற்றப்பட்டது. அதுவரை திறந்த ஹேண்டில்கள் எதுவும் இனி உதவாது, ஓபன்வால்யூமிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். 8 எழுதத் தடை, 10 ஃபைல் சிஸ்டம் சிதைந்திருக்கிறது. எண்ணே வராமல் கணினி திடீரென்று மறுதொடக்கம் ஆனால் வாட்ச்டாக்கை (கெடு கடந்தால் கணினியை மறுதொடக்கும் கடிகாரத்தை) நினையுங்கள்: பூட் மேலாளர் நிரலைத் தொடங்கும்போது 5 நிமிடக் கெடு வைக்கிறது. நீண்ட நேரம் படிக்கும் நிரல் அந்தக் கெடுவைத் தொடக்கத்திலேயே நிறுத்திவைக்க வேண்டும். ஃபர்ம்வேரின் பூட் சேவைகளை முடித்துவைக்கும் எக்ஸிட்பூட்சர்வீசஸை அழைத்த பிறகு கோப்பு வேலை எதுவும் நடக்காது; தேவையானதையெல்லாம் அதற்கு முன்பே நினைவகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக இதழுக்கு ஒரு வேண்டுகோள். நிரல் வரிகளை அச்சிடும்போது பக்க வடிவமைப்பு மென்பொருள் நேர் மேற்கோள்குறியைச் சுருள்குறியாக மாற்றிவிடுகிறது. இரட்டை பேக்ஸ்லாஷ் ஒன்றாகச் சுருங்கிவிடுவதும் உண்டு. முன்னதைக் கம்பைலர் உடனே பிடித்துவிடும். பின்னது மேலே சொன்ன 27க்கும் 8க்கும் வாசகரைக் கொண்டுபோய் விட்டுவிடும். மெய்ப்பு பார்ப்பவர் ஒவ்வொரு பாதையிலும் பேக்ஸ்லாஷ்களை எண்ணிப் பார்க்க வேண்டும். சரத்தில் அவை இரட்டைப்படையில் இல்லையென்றால் எங்கோ ஒன்று விழுந்திருக்கிறது.

இப்படிக்கு,
ஃபர்ம்வேர் நிரலாளர் ஒருவர்